திருப்பி வெட்டி அனுப்பிய என் வீடு: நிர்வாக இயக்குநருக்கு ஒரு புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்

பொருள்: ஸ்டீல் ஃபிரேம் வீட்டுக்குத் தவறான பேனல்களை அனுப்பிவிட்டு மாற்றித் தர மறுப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடலூருக்குப் பக்கத்தில் என் மனையில் குவிந்து கிடக்கும், வீடாகப் பூட்டுவதற்காக உங்கள் ஃபேக்டரியில் செய்து அனுப்பிய சுவர்ப் பேனல்களைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். இந்த முறை வாடிக்கையாளர் சேவைக்கு இல்லை, நேராக உங்களுக்கு. அவர்களுக்கு எழுதினால் ஒரு டிக்கெட் எண் வருகிறது. கொஞ்ச நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வருகிறது. தீர்ந்தது என் பொறுமை மட்டும்தான்.

ஆர்1, ஆர்2 என்று சொன்னாலே உங்கள் டிசைன் பிரிவுக்கு விஷயம் புரிந்துவிடும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். எங்களுடையது கிழக்குப் பார்த்த மனை. நீங்கள் முதலில் போட்டுத் தந்த ஆர்1 பிளானில் சமையலறை ஈசானிய மூலையிலும் டாய்லெட் கன்னி மூலையிலும் இருந்தன. என் மாமியார் அதைப் பார்த்ததும் பேப்பரை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். வாஸ்து பார்ப்பதும் பார்க்காததும் எங்கள் வீட்டு விஷயம். பிளானை வடக்கு தெற்காகத் திருப்பிக் கேட்டோம், திருப்பித் தந்தீர்கள். அதற்கு ஆர்2 என்று எண் போட்டீர்கள். நான் கையெழுத்திட்டேன், உங்கள் டிசைன் மேலாளரும் கையெழுத்திட்டார். ஃபிரேமை பேஸ்மட்டத்தோடு பூட்டும் ஆங்கர் போல்ட்டின் வரைபடமும் அந்த ஆர்2-ஐ வைத்துத்தான் வந்தது. எங்கள் மேஸ்திரி அதன்படியே கடக்கால் எடுத்து, பேஸ்மட்டம் போட்டு, போல்ட் நட்டு, டாய்லெட் குழாய்க்கும் வழி விட்டார். உங்கள் சைட் இன்ஜினியரே வந்து டேப் பிடித்து அளந்து, 'சரியாக உள்ளது' என்று எழுதித் தந்த தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வந்து இறங்கியதோ ஆர்1.

இது என் ஊகம் இல்லை. பேக்கிங் லிஸ்டின் அடியில் ஆர்1 என்றே அச்சாகியிருக்கிறது. ஸ்டீல் தகட்டை மடித்துச் சட்டமாக்கும் உங்கள் ரோல் ஃபார்மிங் மெஷின் ஒவ்வொரு ஸ்டட்டிலும், அதாவது சுவரின் செங்குத்துச் சட்டத்திலும், இங்க்கில் எண் அடித்துத்தானே வெளியே தள்ளுகிறது? அந்த எண்களைப் பழைய பிளானோடு ஒப்பிட்டேன், ஒன்று விடாமல் பொருந்துகிறது. கதவு வர வேண்டிய இடத்தில் சுவர் வருகிறது. போல்ட் நிற்கும் இடத்தில் பேனலின் அடியில் ஓட்டை இல்லை, ஓட்டை இருக்கும் இடத்தில் போல்ட் இல்லை.

இதைச் சொன்னபோது உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் தந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மெஷின் வெட்டுறது மேடம், தப்பு வராது. உங்க மேஸ்திரிதான் மாத்திப் போட்டிருப்பார்." ஆர்2 தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "டிராயிங்கெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க" என்றார். ஐயா, நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதிரொளிப்பு என்றால் என்ன என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறவள். மனை என் பெயரில், வீட்டுக்கடன் என் பெயரில், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் என்னுடையது. சாருக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பு, அவர் அதில் குடியிருக்கப் போகிறார் என்பது மட்டும்தான்.

அதே நபர் இன்னொரு நாள், அப்படியே திருப்பி வைத்துப் பூட்டுங்கள் என்றார். வெறும் ஃபிரேமாக வந்திருந்தால் அதையாவது யோசிக்கலாம். வெளிப்பக்க ஃபைபர் சிமென்ட் போர்டை ஃபேக்டரியிலேயே அடித்துத்தானே அனுப்பினீர்கள்? திருப்பினால் வெளிச்சுவர் ஹாலுக்குள் வந்துவிடும். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு நட என்பதைப் போல இருக்கிறது. தன் நிறுவனம் விற்கும் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாத ஒருவரை எப்படி வாடிக்கையாளரோடு பேச வைக்கிறீர்கள்?

சரி, நேரில் போனால் முடியும் என்று நினைத்தேன். ஒரகடம் பக்கத்தில் இருக்கும் உங்கள் ஃபேக்டரிக்கு வரச் சொன்னதும் நீங்கள்தான். டிசைன் மேலாளர் காத்திருப்பார் என்று மெயிலே வந்தது. பள்ளியில் பரீட்சை நேரம், தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கினேன். விடியற்காலையில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி வந்து சேர்ந்தால் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். விசிட்டர் பட்டியலில் என் பெயர் இல்லையாம். மேலாளருக்குப் போன் போட்டால் அவர் பெங்களூரில் இருக்கிறாராம்! மதியம் வரை செக்யூரிட்டி அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் வீட்டை மாற்றி வெட்டிக்கொண்டிருந்ததோ தெரியாது. அந்த செக்யூரிட்டி அண்ணன்தான் ஒரு டீ வாங்கித் தந்தார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். செங்கல் வீடு என்றால் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று வேலை ஏற ஏற பேங்க் பணம் தரும். நீங்களோ லாரி கிளம்பும் முன்பே 70 சதவீதம் கட்டச் சொன்னீர்கள். பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "சுவர் எங்கேம்மா? பேஸ்மட்டத்துக்கு உண்டான தொகையைத்தான் விட முடியும்" என்றார். இந்தச் சிக்கல் வரும் என்று உங்கள் விற்பனை ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் நகையை அடகு வைத்துத்தான் மீதியைக் கட்டினேன், 18 சதவீத ஜிஎஸ்டியோடு. இப்போது வாடகையும் போகிறது, வீட்டுக்கடன் வட்டியும் போகிறது, நகைக்கு வட்டியும் போகிறது. டிரெய்லர் எங்கள் தெருவுக்குள் திரும்பாது என்று மனையைப் பார்க்க வந்த அன்றே சொன்னேன், கேட்கவில்லை. மெயின் ரோட்டில் நிறுத்தி, சின்ன லாரிக்கு மாற்றி, ஹைட்ரா கிரேன் பிடித்து இறக்கிய செலவையும் என் தலையில் கட்டினீர்கள்.

இதற்கிடையில் வடகிழக்கு மழை வந்துவிட்டது. நீங்கள் போர்த்திவிட்டுப் போன தார்ப்பாய் முதல் காற்றுக்கே கிழிந்தது. வெப்பம் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் கிளாஸ் வுல் ஊறிப் போய்விட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டீலில் தண்ணீர் தேங்கி வெள்ளைத் துரு பூத்திருக்கிறது. கால்வனைஸ்டு ஸ்டீலைக் காற்றுப் புகாமல் ஈரத்தில் அடுக்கினால் இப்படி ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? "கன்னி மூலையில டாய்லெட் இருந்தா ஸ்டீல் துருப் பிடிச்சிடாது மேடம்" என்று அன்று சிரித்தாரே, அதே போன் ஆள்தான், அவரை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மூலையே இல்லாமல் துருப் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒரு குழு வந்தது. நல்ல செய்தி என்று நினைத்தேன். அவர்கள் கிரைண்டரை எடுத்து ஃபிரேமின் அடிப்பகுதியை அறுத்துப் புது ஓட்டை போடத் தொடங்கினார்கள். அறுத்த இடத்தில், துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு கருகிப்போனது. பாதியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டேன். உடனே 'வாடிக்கையாளர் வேலை செய்ய விடவில்லை' என்று மெயில் போட்டீர்கள். பேஸ்மட்டத்தை என் செலவில் உடைத்து மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் கான்கிரீட்டில் துளையிட்டுப் பசை வைத்துப் போல்ட் நடும் கெமிக்கல் ஆங்கருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது அடுத்த மெயில்.

ஐயா, நான் ஏன் இந்தப் போல்ட்டைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது எங்கள் பக்கத்தில்தான். பழைய வீட்டின் ஷீட் கூரை எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. காற்று கூரையைத் தள்ளுவது மட்டும் இல்லை, மேலே தூக்கவும் செய்யும். கனம் குறைந்த ஸ்டீல் வீட்டைத் தரையோடு பிடித்து வைப்பது இந்த ஆங்கர்கள்தான். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இதை எனக்குச் சொல்லித் தந்ததே உங்கள் விற்பனை ஆள்தான், அதைச் சொல்லித்தான் ஆர்டரும் வாங்கினார். அந்தக் காற்றில் அறுத்து ஒட்டுப் போட்ட ஃபிரேம் நிற்கும் என்று எந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார்?

பாகம் பாகமாகச் செய்து வீடு கட்டுவது நடக்காத வேலை இல்லை. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு கான்கிரீட் பாகங்களை வைத்தே 1,152 வீடுகளை அரசு கட்டி முடித்து, 2022-இல் திறந்தும் விட்டது. நான் கேட்டது ஒரே ஒரு வீடு.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தயவுசெய்து ஆர்2-படி புதிய பேனல்களை உங்கள் செலவில் வெட்டி அனுப்புங்கள். கிடப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். ஆங்கருக்கும் ஃபிரேமுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்று வேண்டும். ஹைட்ரா செலவு, வாடகை, வட்டி எல்லாம் எனக்குத் திரும்பி வர வேண்டும். அந்தப் போன் ஆள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சாரிடம் இல்லை, என்னிடம்.

15 நாளில் உருப்படியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் வக்கீல்தான் பஸ் ஏறி வர வேண்டும். நான் கட்டிய மொத்தப் பணம், மன உளைச்சல், மாமியாரின் ஏறிப்போன ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்து 40 லட்சம் கேட்பதாக இருக்கிறேன். என் வாழ்நாள் சம்பாத்தியமே போய்விட்ட பிறகு இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஆர்2-இல் கையெழுத்திட்ட வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்2 பிளான், ஆங்கர் போல்ட் வரைபடம், உங்கள் இன்ஜினியரின் தாள், பேக்கிங் லிஸ்ட், ஸ்டட் எண்களின் படங்கள், ஹைட்ரா ரசீது.

பி.கு.: உங்கள் பேனல்களை மூட நானே புதுத் தார்ப்பாய் வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்தப் பில்லும் உள்ளே இருக்கிறது.