மார்கழி மழையில் பாறை ஏற வருகிறவர்களுக்கு

கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிற மலையேற்றக் கழகங்களுக்கும், பல்கலைக்கழகக் குழுக்களுக்கும், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் புதிதாகக் கயிறு பிடித்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் ஊவாப் பக்கத்துப் பாறைகளைத் தேடி வந்துவிடுகிறீர்கள். வாருங்கள். மழைக்காலத்தில் ஏறாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நானும் கயிறு கட்டி ஏறுகிறவன்தான். காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருக்க, விரல் விறைக்க, ஈரப் பாறையில் நாலு பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி முடிக்கிற கட்டம் ஒரு பிட்ச்) ஏறி உட்காருகிற சுகம் வெயில் நாளில் கிடைக்காது. எனக்குள்ள குறை ஒன்றுதான். நீங்கள் கொண்டுவருகிற திட்டமெல்லாம் ஏறுகிற திட்டமாகவே இருக்கிறது. இறங்குகிற திட்டத்தை முதலில் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைக் கீழே தோட்டத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போன் அடித்தால் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக ஓடிவருகிற மீட்புக் குழு இங்கே ஒவ்வொரு மலையடியிலும் இல்லை. பொலிசின் 119க்கு அடிக்கலாம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடிக்கலாம். 1990 அம்புலன்ஸ் வண்டிப் பாதை முடிகிற இடம் வரை வரும். மேகம் மூடிக் கிடக்கிற பாறைச் சுவரை ஒட்டி ஹெலிகொப்டர் வராது. ஆகவே இருட்டிய பிறகும் நீங்கள் இறங்கவில்லை என்றால் முதலில் புறப்படுகிறவர்கள் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற லயத்து ஆட்கள். பகல் முழுக்கத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, அப்போதுதான் கால் நீட்டியவர்கள்.

போன தை மழையில் அப்படித்தான் ஒரு குழுவைத் தேடிப் போனோம். எந்தக் கழகம் என்பது இங்கே வேண்டாம். தலையில் படங்கு, கையில் போன் வெளிச்சம், ஆளுக்கொரு தடி. எத்தனை பேர் மேலே போனார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஓட்டோக்காரர் நாலு பேரை இறக்கிவிட்டேன் என்றார். சந்திக் கடைக்காரரோ, ஐந்து பிளேன்டி ஊற்றினேன், காசு ஒருத்தர்தான் கொடுத்தார் என்று அடித்துச் சொன்னார். பாறையின் எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தோம், காற்றில் எங்கள் குரல் எங்களுக்கே திரும்பவில்லை. நடுச்சாமம் தாண்டி, நாலு பேர் மூன்றாவது பிட்ச் திட்டில் ஒண்டிக்கொண்டு இருப்பது தெரிந்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு 60 மீற்றர் கயிறு. சரி, ஆட்களைப் பார்த்தாயிற்று என்று மூச்சு விட்டால், ஐந்தாவது ஆள் எங்கே? அவரைத் தேடி விடியும் வரை வடிகான் வடிகானாக, புதர் புதராக அலைந்தோம். அவர் முதல் நாள் மத்தியானமே உடம்பு சரியில்லை என்று இறங்கி, பண்டாரவளை பஸ் ஏறிப் போய்விட்டாராம். போனில் சார்ஜ் இல்லையாம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குப் போக முடியாமல் அரைப் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்தவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் குழுவை நான் ஏறத் தெரியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். கட்டிய முடிச்செல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணக்குத்தான் பிழைத்தது.

கணக்கு என்றால், கயிற்றிலிருந்து தொடங்குவோம். 60 மீற்றர் கயிறு ஒன்றை நங்கூரத்தில் (பாறையிலோ மரத்திலோ கயிற்றைத் தாங்குகிற பிடிமானம்) மாட்டி இரட்டையாகத் தொங்கவிட்டால் 30 மீற்றர்தான் இறங்கலாம். ஏறிய பிட்ச் 45 மீற்றர் என்றால் 15 மீற்றர் அந்தரம். இரண்டு கயிறு இருந்தால் இணைத்து 60 மீற்றர் இறங்கலாம். மழைக்காலத்தில் பல பிட்ச் ஏறப்போகிறவர்கள் இரண்டு கயிறு கொண்டுவராமல் வந்தால், மேலே போவதைத் தவிர வேறு வழியில்லாத பயணத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கூடவே, இறங்குகிற நங்கூரத்தில் விட்டுவிட்டு வருவதற்கென்றே ஆறேழு மீற்றர் மெல்லிய கயிறும் இரண்டு மூன்று பழைய கராபினரும் (கயிறு மாட்டுகிற உலோகக் கொக்கி) வேண்டும். அதை விட்டுவிட்டு வர மனமும் வேண்டும். கராபினர் விலையை நினைத்து மழையில் இன்னொரு பிட்ச் ஏறிய ஆட்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நேரம். ஆறு பிட்ச் பாறை என்று வையுங்கள். காய்ந்த நாளில் இரண்டு பேர் பிட்ச் ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலத்தில் முடிப்பார்கள் என்றால், ஈரத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் என்று போடுங்கள். ஆறுக்கும் ஏழரை மணித்தியாலம். காலை எட்டுக்கு அடியில் கயிறு கட்டினால் உச்சியில் பின்னேரம் மூன்றரை. நடந்து இறங்க இரண்டு மணித்தியாலம், ஐந்தரை. டிசம்பரில் ஆறேகாலுக்கு இருட்டிவிடும், மேகம் இறங்கியிருந்தால் அதற்கு முன்னமே. ஒரு கயிறு சிக்கினாலே போதும், இருட்டுக்கு முன் மிச்சமிருக்கிற அந்த முக்கால் மணித்தியாலம் கரைந்துவிடும். மூன்று பேர் ஒரே கயிற்றில் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அதனால் நேரத்தை உச்சிக்கு வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். மூன்றாவது திட்டில் பன்னிரண்டு மணிக்கு நிற்கவில்லையா, இறங்குங்கள். அங்கிருந்து ஈரக் கயிற்றில் இறங்க எப்படியும் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வெளிச்சத்தில் கீழே வந்து, கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுப் போகலாம்.

திரும்புவது அவமானம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. 2016 மேயில் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார், இலங்கையிலிருந்து முதல் ஆள். அவரோடு போன யொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பினார். 2018இல் மறுபடி போய்த் தொட்டுவிட்டு வந்தார். எங்கள் பாறைக்கு நீங்கள் அடுத்த கிழமையே வரலாம்.

எந்தப் பாறை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறு செருப்புப் போட்டுக்கொண்டு ரீல்ஸ் எடுக்க ஒரு வான் நிறைய வந்து இறங்கும். ஆனால் எந்த மாதிரிப் பாறை என்பதைச் சொல்லலாம்.

டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. வங்காள விரிகுடாவிலிருந்து வருகிற ஈரமெல்லாம் பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலைச் சாய்வுகளில் மோதிக் கொட்டும். அதே கிழமை அட்டன், மஸ்கெலியாப் பக்கம் வெயிலடிக்கும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை நடப்பது அந்த வெயிலை நம்பித்தான். மே மாதத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். ஆகவே காய்ந்த பாறை வேண்டுமென்றால் மேற்கே போங்கள். இல்லை, ஈரம்தான் வேண்டும், ஊவாதான் வேண்டும் என்றால், மழை விட்டாலும் பாறை காயாது என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். எங்கள் மலைகள் பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை. அடுக்கடுக்கான அதன் இடுக்குகளில் இறங்கின தண்ணீர், வானம் வெளுத்து நாளாகியும் கசிந்துகொண்டிருக்கும். கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிற இடமெல்லாம் தண்ணீர் இறங்குகிற இடம். நனைந்தால் அது சவர்க்காரம் பூசிய தரை மாதிரி. கோடையில் ரப்பர் சப்பாத்தை நம்பி நடந்து ஏறின சாய்ந்த பாறையை மார்கழியில் மறந்துவிடுங்கள். செங்குத்தாக இருந்தாலும் கைப்பிடி பெரிதாக இருக்கிற பாறைதான் நல்லது. இரண்டு சுவர் சேருகிற மூலைகளும், முதுகை முட்டுக்கொடுத்து ஏறுகிற பிளவுகளும் நல்லது, அவற்றில் தண்ணீர் ஓடாவிட்டால். கோடையில் ஏறுகிற தரத்திலிருந்து இரண்டு படி இறங்கித்தான் தெரிவு செய்ய வேண்டும்.

சேறு படிந்த வெடிப்பில், உள்ளே விரிந்து பிடிக்கிற கருவியான கேமை நான் நம்புவதில்லை, அது வழுக்கிக்கொண்டு வரும். வெடிப்பைச் சுரண்டித் துடைத்து, நட்டை (வெடிப்பில் செருகுகிற உலோக ஆப்பு) இறுக்கிப் பொருத்துவது பாடுதான், ஆனாலும் அதுதான் நிற்கும். மானாப்புல்லைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கோடையில் ஆளைத் தாங்குகிற குத்து, மழையில் வேரும் மண்ணுமாகக் கையோடு வரும். நங்கூரம் போடுகிற மரமும் அப்படித்தான். ஆட்டிப் பாருங்கள், அடியில் பாறையா மண்ணா என்று குனிந்து பாருங்கள். மலைத்தேனீ அடையும் குளவிக் கூடும் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரைபடமும் உங்களுக்குச் சொல்லாது. அந்த மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கேளுங்கள், விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

குளிரைப் பற்றி எல்லாரும் ஏறுகிறவரை வைத்தே யோசிக்கிறீர்கள். ஏறுகிறவருக்கு உடம்பு சூடாகத்தான் இருக்கும். கீழே திட்டில் நின்று ஒரு மணித்தியாலம் கயிறு பிடிக்கிறாரே, விறைப்பது அவர்தான். ஜீன்சும் பருத்தி டீஷேர்ட்டும் நனைந்தால், பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரில் காற்றும் சேர்ந்து ஆளைச் சுருட்டிவிடும். பேச்சுக் குழறி, முடிச்சைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கிறார் என்றால் அந்த நாள் முடிந்தது, இறங்க வேண்டியதுதான். கம்பளியோ ஃபிளீஸோ ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, திட்டில் நிற்கிறவரிடம் கொடுத்து வையுங்கள். கத்தினால் கேட்காத காற்றுக்கு, எத்தனை தரம் கயிற்றை இழுத்தால் என்ன என்பதைக் கீழேயே பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு விழிப்பு அறிவிப்புக் கொடுக்கும். 100 என்றால் தயாராக இருக்கச் சொல்லும். 150 என்றால் வெளியேறச் சொல்லும். உங்கள் பாறை சரியாது, உண்மைதான். பாறைக்குப் போகிற பாதை சரியும், அதற்குக் கீழே இருக்கிற லயம் சரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் நடந்த மண்சரிவு யாருக்கும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதும் மறக்கவில்லை. அறிவிப்பு வந்த இரவில் எங்கள் ஆட்கள் பாயும் பிள்ளையுமாகப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு உங்களைத் தேட ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் நான் போகச் சொல்லமாட்டேன். உங்கள் மாவட்டத்துக்கும் பிரதேச செயலகப் பிரிவுக்கும் முதல் மட்ட அறிவிப்பு இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அனுமதி விஷயம் உங்களுக்குத் தெரியும். காடு என்றால் வனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், தேயிலைக்குள்ளால் போவதென்றால் தோட்ட நிர்வாகம். அந்தக் கடிதத்தோடு நான் கேட்கிற தாளையும் சேர்த்துக்கொண்டால் தனி வேலை இல்லை.

தாளில் என்ன வேண்டும்? எத்தனை பேர், பேர் என்ன, வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர். பாறையின் படமும், அதில் பேனாவால் இழுத்த ஏறுகிற கோடும். எந்த இடங்களிலிருந்து இறங்கலாம் என்பதற்கு வேறு நிறத்தில் ஒரு கோடு. திரும்புகிற நேரம். இத்தனை மணிக்கு மேல் காணாவிட்டால் தேடுங்கள் என்ற நேரம். யாராவது நடுவில் வீட்டுக்குப் போனால், போகிற வழியில் தாளில் தன் பெயரை வெட்டிவிட்டுப் போக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அழகாக டைப் அடித்துத் தராதீர்கள், தமிழிலும் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் அதை வாசிக்கப்போவது யார் என்று யோசித்தால் விளங்கும்.

கழகங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய கயிற்றை எங்களுக்கு அன்பளிப்பாகத் தராதீர்கள், தேய்ந்த கயிறு மாட்டுக்குத்தான் ஆகும். அதற்குப் பதில் வருடத்தில் ஒரு ஞாயிறு வந்து, தேடப் போகிற எங்கள் பெடியன்களுக்கு ஈரக் கயிற்றில் இறங்கவும், அடிபட்டவரை இறக்கவும் பழக்கிக் கொடுங்கள். சாப்பாடு எங்கள் செலவு.

சனிக்கிழமை ஏறுவதாக இருந்தால் தாளை வெள்ளி பின்னேரம் நாலரைக்கு முன் தோட்ட ஒபிசில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். பிந்தினால் சந்திக் கடையில் கொடுக்கலாம், பிளேன்டிக் காசையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஊவாத் தோட்டமொன்றிலிருந்து, உங்களைப் போல் பாறை ஏறுகிற ஒருவன்