பூரித்த கன்னமும் பூரண குணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களை இன்னொருவரிடமிருந்து பெற்றுச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்று ஒரே மாதத்தில் வீடு திரும்பிய சிறுமியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அவளுடைய படத்துக்குக் கீழே ‘பூரித்த கன்னங்களே பூரண குணத்துக்குச் சாட்சி’ என்று அச்சிட்டிருந்த வரியையும் படித்தேன். இதே சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனின் தாயாகிய என்னால் அந்த வரியை எளிதில் கடந்துபோக முடியவில்லை. இந்தக் குழந்தைகளின் கன்னம் உப்புவது பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தினால்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. கொடையாகப் பெற்ற செல்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கும்போது, அதை அடக்குவதற்கு அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். என் மகனுக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்த நாட்களில்கூட, பார்க்க வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்து “நன்றாகத் தேறிவிட்டானே” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். விவரம் தெரியாமல் சொன்னவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. விவரம் கேட்டு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அதே சலுகையைத் தர வேண்டுமா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தொடர்ந்து மூன்று நாட்கள் 500-க்குக் குறையாமல் நின்றால் புதிய மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்பார்கள்; பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் அது நடந்துவிடுகிறது. தங்கள் கட்டுரையாளர் அங்கேயே சுபம் போட்டுவிட்டார். கிருமித் தொற்றுக்கும் மேற்சொன்ன தாக்குதலுக்கும் அஞ்சி செல்களைச் செலுத்திய நாளிலிருந்து முதல் 100 நாட்களைக் கண்கொத்திப் பாம்பாய்க் கழிப்பது அதற்குப் பிறகும் தொடர்கிறது. அந்தத் தாக்குதல் வராமல் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை வேளை மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதால், மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை சிணுங்கும் பிள்ளையோடு உட்கார்ந்திருப்போம். நோய் எதிர்ப்பாற்றல் மீள ஓராண்டும் ஆகும், இரண்டாண்டுக்கு மேலும் ஆகும். பிறந்தது முதல் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெருமளவு போய்விடுவதால் அவற்றையெல்லாம் மறுபடியும் போட வேண்டியிருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி போன்றவற்றுக்குக் குறைந்தது இரண்டாண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

தங்கள் இதழில் இப்படி நேர்வது முதல் முறையும் அல்ல. முன்பொருமுறை, குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைப்பதே எதிர்காலத்துக்கான காப்பு என்று முழுப்பக்கம் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அதற்கே விளம்பரமும் வெளியிட்டீர்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் பெரும்பாலும் பயன்படாது, நோய்க்கான கோளாறு அதிலேயே இருக்கக்கூடும் என்று நான் எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்கு இடம் வேண்டுமே! பிறகு கேள்வி பதில் பகுதியில், மஜ்ஜையை முதுகுத்தண்டிலிருந்து எடுப்பதாகப் பதில் சொன்னீர்கள். என் மகனுக்கு மஜ்ஜை கொடுத்தவள் அவனுடைய அக்கா. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் அவளிடம் எடுத்தார்கள். ஆனால் தங்கள் பதிலைப் படித்த உறவினர் ஒருவர், “இனி இவளால் நிமிர்ந்து நடக்க முடியுமா” என்று அவள் காதுபடவே கேட்டார். அன்றிரவு அவள் உறங்கவில்லை.

‘பூரண குணம்’ என்று அச்சில் வந்துவிட்டால் ஊரும் பள்ளியும் அதையே நம்புகின்றன. மகனை மீண்டும் பள்ளியில் சேர்த்தபோது, வகுப்பில் யாருக்காவது சின்னம்மை கண்டால் உடனே தெரிவிக்கும்படி எழுதியே கொடுத்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பையனுக்கு அது வந்த செய்தி ஒரு வாரம் கழித்து, அதுவும் இன்னொரு பையனின் தாய் மூலமாக, எனக்கு எட்டியது. கேட்டதற்கு, “குணமாகிவிட்டதாகத்தானே சொன்னீர்கள்” என்றார்கள். இத்தகைய குழந்தை சின்னம்மை கண்டவரோடு பழக நேர்ந்தால், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் சொல்லித் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் எங்கே படித்திருக்கப் போகிறார்கள்?

தங்களிடம் மறுப்போ வருத்தமோ எதிர்பார்த்து இதை எழுதவில்லை. அவை தங்கள் இதழின் வழக்கமில்லை என்பதை அறிவேன். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் இக்குழந்தைகளைப் பார்க்கப் போக வேண்டாம் என்றும், வகுப்பில் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்றும், அடுத்த இதழில் ஏதேனும் ஒரு மூலையில் நான்கு வரி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி