வட்டு எறியும் களம் தயார்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி மைதானத்தின் மேற்கு மூலையில் மூன்று வாரமாக மண் வெட்டுவதும் சிமென்ட் பூசுவதுமாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். புதிய கழிப்பறையா என்றுகூடச் சிலர் கேட்டீர்கள். வட்டு எறியப் பழகுவதற்கான களம் அது. வேலை முடிந்துவிட்டது. வரும் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் அங்கேதான் பயிற்சி எடுக்கப் போகிறார்கள். அதையொட்டி உங்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, கேட்க வேண்டியதும் இருக்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒருநாள் சாரல் விட்ட பிறகு பயிற்சி நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எறிந்த வட்டு, ஈரத்தில் கை வழுக்கி, பக்கவாட்டில் பறந்து சைக்கிள் ஸ்டாண்டில் போய் விழுந்தது. ஒரு சைக்கிளின் மட்கார்டு நசுங்கியது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளிம்பில் இரும்பு வளையம் பூட்டிய 1 கிலோ வட்டு ஒரு குழந்தையின் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். அந்தப் பெண்மேல் தவறில்லை. வலை கட்டாமல், வெறும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிற்கவைத்து எறியச் சொன்னது பள்ளியின் தவறு, அதற்குப் பொறுப்பு நான். மறுநாளே பயிற்சியை நிறுத்தினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். மைதானத்தில் வட்டே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் குறுவட்டப் போட்டிக்குப் போக ஆசைப்படும் பதினான்கு பிள்ளைகளிடம் போய் "இனி இல்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி, எறிவதற்குத் தகுந்த இடத்தைச் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

இப்போது அங்கே இருப்பது 2.5 மீட்டர் விட்டமுள்ள சிமென்ட் வட்டம். போட்டிகளில் இருக்கும் அதே அளவு. தளத்தை வழுவழுப்பாகத் தேய்க்காமல் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டிருக்கிறோம். கால் சுழலவும் வேண்டும், வழுக்கவும் கூடாது. வட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வலை. கடலுக்குப் போகும் நம் பெற்றோர் சிலர் கொடுத்த பழைய வலைகளை இரண்டு மடிப்பாகச் சேர்த்துத் தைத்தது அது. இறுக்கிக் கட்டாமல் தொய்வாகத் தொங்கவிட்டிருக்கிறோம். அப்போதுதான் வட்டு மோதியதும் வேகம் செத்து அடியிலேயே விழும். இறுக்கிக் கட்டினால் எறிந்தவர் பக்கமே திரும்பி வரும். வலை கொடுத்தவர்களுக்கும், ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவர்களுக்கும் பள்ளியின் நன்றி.

வட்டு விழ வேண்டிய பரப்பைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்து போட்டார்கள். இருபது வருடம் கணக்கு நடத்தியவள் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பரப்பின் கோணம் 34.92 டிகிரி. பாகைமானியை வைத்து இதை மைதானத்தில் வரைய முடியாது. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் கயிறு இரண்டை நீட்டி, அவற்றின் முனைகளுக்கு இடையே சரியாக 12 மீட்டர் இருக்கும்படி விரித்தால் கோணம் தானாக அமைந்துவிடும். பாதியை எடுத்தால் 20க்கு 6, அதாவது 0.3. சைன் அட்டவணையில் தேடினால் 17.46 டிகிரி வரும். அதன் இரு மடங்குதான் 34.92. அட்டவணையில் அந்த எண்ணைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் போட்ட சத்தம் ஆசிரியர் அறை வரைக்கும் கேட்டது.

களம் கிழக்கு நோக்கி இருப்பதற்கும் காரணம் உண்டு. மாலை வெயில் கண்ணில் அடிக்காது, முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம், நம் ஊரில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்துதான் வருகிறது. காற்று முகத்தில் அடித்தால் தூரம் குறையாதா என்று உடற்கல்வி ஆசிரியரிடம் நானும் கேட்டேன். ஓடுபவருக்குத்தான் பின்காற்று உதவி. வட்டுக்கு மிதமான எதிர்க்காற்றே நல்லது, பட்டத்தைத் தூக்குவது மாதிரி தூக்கிவிடும் என்றார். அதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஆண்கள் வட்டெறிதலில் 1986இல் கிழக்கு ஜெர்மனியின் யுர்கன் ஷுல்ட் எறிந்த 74.08 மீட்டர் ஏறக்குறைய 38 ஆண்டுகள் உலக சாதனையாக இருந்தது. லிதுவேனியாவின் மைகோலாஸ் அலெக்னா அதை 2024இல் தாண்டினார், 2025 ஏப்ரலில் 75.56 மீட்டராக உயர்த்தினார். இரண்டு முறையும் அவர் எறிந்தது பெரிய ஸ்டேடியத்தில் இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராமோனா என்ற சின்ன ஊரில், காற்று நன்றாக வீசும் திறந்த வெளியில்.

இனி, நான் உங்களிடம் மிகவும் வேண்டிக்கேட்பது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்காதீர்கள்.

ஆசையில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அளவு நாடாவைத் தரையில் விரித்த உடனே பிள்ளைகள் கையால் எறியத் தொடங்கிவிடுகிறார்கள். தூரம் கையிலிருந்து வருவதில்லை. பாதத்தில் தொடங்கி, இடுப்பு திரும்பி, அதற்குப் பிறகுதான் தோள், கடைசியாகக் கை. ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு வட்டு சுழன்று வெளியேற வேண்டும். இந்த வரிசை கெட்டால் தோள்பட்டைதான் வலிக்கும், தூரம் கூடாது. அதனால் வாரத்தில் பெரும்பாலான எறிகள் மூன்று மீட்டர் தள்ளித் தொங்கும் தனி வலைக்குள்தான் போகும். வலை தூரத்தைக் காட்டாது. காட்டாததுதான் நமக்கு வேண்டும், பிள்ளையின் கவனம் கால்மேல் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு வாரம் வட்டைத் தரையில் சக்கரம் மாதிரி நேராக உருட்டிப் பழகுவார்கள், பழைய சைக்கிள் டயரைச் சுழற்றி எறிவார்கள். அதைப் பார்த்து "விளையாடிக்கொண்டிருக்கிறான்" என்று நினைக்க வேண்டாம். அளப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மட்டும். அந்த அளவை ஆசிரியரே நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார்.

அடுத்தது பாதை. தெற்கு கேட்டிலிருந்து மைதானத்தின் குறுக்கே வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி மாலை 4.30 முதல் 5.45 வரை அந்த வழி கிடையாது. சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் எவ்வளவு அவசரமானாலும் மதில் ஓரமாகச் சுற்றித்தான் வர வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்து, விசில் ஊதிய பிறகுதான் வட்டை எடுக்கப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி வைத்திருக்கிறோம். வட்டை நடந்து எடுத்து வர வேண்டும், திருப்பி எறியக் கூடாது. பெரியவர்கள் குறுக்கே நடந்தால் அந்த விதி ஒரே நாளில் காற்றில் போய்விடும். மழை பெய்த நாளில் பயிற்சி இருக்காது.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டு சம்பவத்துக்குப் பிறகு நான்கு பேரை நிறுத்திவிட்டீர்கள். வலையை நேரில் வந்து, கையால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கனம்" என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. அவர்கள் எறிவது 1 கிலோ, ஒரு சர்க்கரைப் பொட்டலத்தின் எடை. ஒலிம்பிக்கில் பெண்கள் எறிவதும் அதே 1 கிலோதான். 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 1958இல் மில்கா சிங் வென்ற பிறகு அந்தப் போட்டிகளின் தடகளத்தில் நம் நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வெள்ளியும் வெண்கலமும்கூட நம் பெண்களுக்கே, ஹர்வந்த் கௌருக்கும் சீமா அந்திலுக்கும். நிறுத்தப்பட்ட நால்வரில் ஒருத்திக்குக் காலடி எவ்வளவு அழகாக வருகிறது என்பதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அவளைத் திரும்ப அனுப்புங்கள்.

பயிற்சி நாளில் கண்ணாடி வளையல், மோதிரம் வேண்டாம். அடிப்பகுதி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும், விலை உயர்ந்தது வாங்காதீர்கள். நான்கு மணிக்குச் சாப்பிடச் சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்தனுப்புங்கள்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குக் களத்தைக் காட்டுகிறோம். இத்துடன் இருக்கும் சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு அன்றே கொடுத்துவிடலாம். வீட்டில் பழைய சைக்கிள் டயர் கிடந்தால் கொண்டுவாருங்கள், இன்னும் ஆறு தேவைப்படுகிறது. வலையின் வடக்குப் பக்க முடிச்சுகள் சில தளர்ந்திருக்கின்றன. முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் ஒன்பதரைக்கே வந்தால் எல்லோரும் வருவதற்குள் அதை முடித்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்