சேகருக்கு, மன்னார்குடியிலிருந்து

அன்புள்ள சேகருக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மழை பிடித்தால் முட்டி வலி. குறுவை நெல்லை ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. சம்பா இப்போது தூர் கட்டுகிறது.

கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்குப் போனபின் விவசாயமே மறந்துபோச்சு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெங்களூரில் நீ வளர்க்கிற பெர்முடா புல், நம் வரப்பு அருகம்புல்லை ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல்லோடு ஒட்டுச் சேர்த்து எடுத்தது. நெல்லும் அதே புல் குடும்பம். ஆகவே உன் மைதானப் புல்லுக்கு வந்த நோயை நான் வேற்று ஊர் விஷயமாகப் படிக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரூபாய் நாணய அளவில் வைக்கோல் நிறத் திட்டுகள். ஒற்றை இலையில் குறுக்கே வெளுத்த பட்டை, உடுக்கை மாதிரி நடு ஒடுங்கி, இரு ஓரமும் செம்பழுப்புக் கோடு. விடிகாலையில் பனியோடு வெள்ளை நூலாம்படை படர்ந்திருந்ததாகவும் சொல்கிறாய். டாலர் ஸ்பாட் என்ற பூசண நோய் என்று உங்கள் ஆட்கள் சொன்னது சரிதான். ஆனால் மருந்தை மட்டுமே நம்பி வாராவாரம் அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கார்பெண்டாசிம் வகைப் பூசணக்கொல்லியை விடாமல் அடித்தால் இந்தப் பூசணம் அதற்குப் பழகிவிடும். பல நாடுகளில் நடந்திருக்கிறது.

பந்து வேகமாக உருள வேண்டும் என்று தழைச்சத்தைக் குறைத்து, 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறீர்கள் என்றாயே, எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. டாலர் ஸ்பாட் பட்டினி கிடக்கும் புல்லைத் தேடி வரும் நோய். இங்கே நிலைமை தலைகீழ். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில்தான் நெல்லுக்குக் குலைநோயும் இலையுறைக் கருகலும் முதலில் இறங்கும். கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானி என்ற பூசணம், புல் தரையில் பழுப்புத் திட்டாகவும் வருவதுண்டு. பயந்துகொண்டு நீயும் ஒரே மூச்சில் யூரியா போட்டால், டாலர் ஸ்பாட் போய்ப் பழுப்புத் திட்டு வந்து நிற்கும். நாங்கள் இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துத்தான் மேலுரம் போடுகிறோம். நீயும் சிறுகச் சிறுகக் கொடு.

பனியை விடாதே. விடிந்ததும் நீளக் கழியாலோ கயிற்றை இழுத்தோ இலையில் நிற்கும் ஈரத்தைத் தட்டிவிடச் சொல். சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிட்டு விடியுமுன் பாய்ச்சு. தினமும் தெளிப்பதைவிட, காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஆழ நனைத்தால் வேரும் கீழே இறங்கும்.

ராத்திரியோடு ராத்திரி புல் மேய்ந்த மாதிரி ஆகிறது என்றது, நம் நாற்றங்காலில் வருகிற படைப்புழுவாக இருக்கலாம். ஸ்போடோப்டிரா மொரீஷியா என்ற அதே புழு வெளிநாடுகளில் புல் தரையையும் அழிக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கரைத்து, சேதத்தின் ஓரமாக ஒரு சதுர கஜத்தில் ஊற்று. புழு இருந்தால் சில நிமிடத்தில் நெளிந்து மேலே வரும். வராவிட்டால் பூச்சிமருந்து வேண்டாம். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்து, நல்ல பூச்சிகள் செத்து, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகிய வயல்களை நீயே பார்த்தவன்.

வளர்ச்சியை அடக்க டிரைநெக்ஸபேக் தெளிப்பதாக எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன். அது, செடியை நெட்டையாக வளரவைக்கும் ஜிப்ரலின் என்ற ஊக்கி உருவாவதைத் தடுக்கிற மருந்து. ஜிப்ரலின் தெரியவந்ததே நெல்லின் ஒரு நோயால்தான். நாற்று வெளிறி நெட்டையாக ஓடுமே, அதற்கு ஒரு பூசணம் கக்கும் பொருளே காரணம் என்று 1926-ல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 நெல் ரகம் சாயாமல் குட்டையாக நின்றதும் பிறவியிலேயே ஜிப்ரலின் குறைந்ததால்தான். நீ தெளித்துச் செய்வதை எங்கள் நெல் விதையிலேயே கொண்டுவந்துவிட்டது! ஆனால் திட்டுகள் மூடும்வரை அதை நிறுத்திவை. புது இலை வந்தால்தானே புண் ஆறும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பெரியவளையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, என்ன வந்தது என்று எழுது. புழு வந்தால் அருகிலேயே வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நம் நாற்றங்கால் புழுவோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
கலியபெருமாள்