22-ஆம் நாள் காலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. 21 நாள் விடாமல் உடற்பயிற்சி செய்தும், 22-ஆம் நாள் காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டதாகவும், அதன்பின் பயிற்சிப் பாயை விரிக்கவே இல்லை என்றும், ஆகவே உனக்கு மன உறுதி என்பதே கிடையாது என்றும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அப்போது எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. உன் கணக்கே பிழை என்பதுதான் நான் சொல்ல நினைத்தது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21 எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். வாய்க்கு வாய் மாறியதில் அந்தக் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், எண் மட்டும் மிஞ்சிவிட்டது. புது மூக்கைப் பார்த்துப் பழகுவதும், விடிகாலையில் வியர்க்க வியர்க்க உடலை வளைப்பதும் ஒன்றா?

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள்வரை பிடிக்கும் என்றும் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்றும் கண்டார்கள். ஆக, 22-ஆம் நாள் நீ தூங்கியது ஒரு நாள் தூக்கம், அவ்வளவுதான். அதை வைத்து உன்மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டதுதான் அடுத்த நாள்களையும் சேர்த்து விழுங்கியது.

என் கதையையும் கேள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். எனக்கோ காலையில் எதையாவது குடித்து முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வரும். உன் அப்பா நாள்காட்டியில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்தார். இரண்டே நாளில் அந்தச் சிவப்பு என் கண்ணுக்குச் சுவரோடு சுவராகிவிட்டது. பிறகு மாத்திரைப் புட்டியை, பல் துலக்கும் பிரஷ் நிற்கும் குவளைக்குள்ளேயே போட்டு வைத்தேன். புட்டியை வெளியே எடுக்காமல் பிரஷை உருவ முடியாது. சில மாதங்களில் கை தானாகவே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்ததால், போட்டதும் புட்டியைத் தலைகீழாக நிறுத்தி வைக்கவும் பழகினேன். போன ஆண்டு முகம் கழுவும் தொட்டியைப் பழுதுபார்ப்பதற்காக அந்தக் குவளையை நான்கு நாள் வேறிடத்தில் வைத்தோம். அந்த நான்கில் மூன்று நாள் மறந்தேன். அத்தனை மாதப் பழக்கமும் என்னிடம் இருந்ததைவிட அந்தக் குவளையில்தான் அதிகம் இருந்திருக்கிறது.

நீ வீடு மாறிய சமயத்தில்தான் பயிற்சியைத் தொடங்கினாய் என்பதை நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களை உளவியலாளர் வெண்டி வுட் குழுவினர் ஆராய்ந்து 2005-இல் எழுதியதில், புது இடத்தின் சூழல் பழைய இடத்தைப் போலவே இருந்தபோதுதான் பழைய பழக்கங்கள் பிழைத்தன. புது வீட்டில் உன்னைப் பழைய வழிக்கு இழுக்கும் பொருள்கள் குறைவு. புதியதைக் கோத்து வைக்க இடமுண்டு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிவைத்தவர் வீடு மாறியதே இல்லை போலும்.

இனி அலாரத்தை நம்பாதே. அது சத்தம்தான் போடும், அணைக்கும் கை உன்னுடையது. எப்படியும் நீ தினமும் செய்தே தீரும் ஒரு வேலையின் வாலில் பயிற்சியைக் கட்டு. முகம் கழுவித் துண்டை மாட்டியவுடன் பாய் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிடம் வேண்டாம்; முதல் இரண்டு மாதம் ஐந்து நிமிடம் போதும், காய்ச்சல் நாளில் பாயை விரித்துச் சுருட்டினால்கூடக் கணக்கில் சேரும். இதைக் கேட்டுச் சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொண்டே செய்.

பாயைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாய். அதை எங்கே மாற்றி வைத்தாய் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது. எத்தனை நாள் செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

அன்புடன்,
அம்மா