நமக்குள் என்ன நன்றி என்றவர்களுக்கு

போன மாதம் பதினோரு நாட்களில் காரில் 2,300 கிலோமீட்டர் சுற்றி, ஒன்பது வீடுகளுக்குப் போய்விட்டு வந்தோம். நானும் மனைவியும், வண்டி ஓட்ட மச்சானும். ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும்போது வாசலில் நின்று நன்றி சொல்ல வாயெடுப்பேன். ஒன்பது வீட்டிலும் ஒரே பதில்தான்: "நமக்குள்ள என்ன நன்றி, போய்ட்டு வாங்க." சரி, வாசலில் சொல்ல விடவில்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாதே என்றுதான் இந்த மடல்.

முதலில் சித்தி மகளுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விட்டுப்போன சொந்தங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. கையில் இருந்தது ஒரு பழைய டைரி. அதில் பாதி எண்கள் எப்போதோ துண்டிக்கப்பட்ட தரைவழித் தொலைபேசிகள். மீதிப் பாதியை எடுத்தது யார் யாரோ. "அதைக் கொடுங்கண்ணா, நான் பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். மூன்றே வாரத்தில் எல்லோரையும் பிடித்துவிட்டாள். ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்த பெண்ணிடம் மட்டும்தான் பேசினாளாம். ஆண்களிடம் கேட்டால் "நல்லா இருக்கான்னுதான் நினைக்கிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும் என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அவள் கொடுத்த நோட்டில் பெயர், எண், வழி எல்லாம் இருந்தன. அதோடு யாரும் கேட்காமலே கடைசியில் ஒரு கட்டம் போட்டு, 'பேசக் கூடாதது' என்று தலைப்பும் கொடுத்திருந்தாள். ஒரு வீட்டுக்கு நேரே, 'மூத்த பையனைப் பற்றிக் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்' என்றிருந்தது. இன்னொன்றில், 'வீடு விற்றது பற்றி வேண்டாம்.' அந்தக் கட்டம் இல்லாமல் போயிருந்தால் இரண்டு வீட்டிலாவது வாயைக் கொடுத்து மாட்டியிருப்பேன். வழியை எந்த ஃபோனும் சொல்லிவிடும், இதை எது சொல்லும்? நன்றி தங்கச்சி.

அப்புறம் மச்சான். அவரை நான் திட்டிக்கொண்டே வந்தேன் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிறுத்துவார். இருட்டினால் ஓட்ட மாட்டார். நான்காம் நாள் மதியம் அவருக்குக் கண் சொக்கியது. ஜன்னலைத் திற, பாட்டைச் சத்தமாக வை என்று நான் யோசனை சொன்னேன். "அதெல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குத்தான் மாமா. தூக்கம் தூங்கினால்தான் போகும்" என்று ஓரமாக நல்ல இடம் பார்த்து நிறுத்தி, இருபது நிமிடம் தூங்கி எழுந்தார். கிளம்பும் முன்பும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் எண்ணுக்குக் காற்று அடிக்கச் சொன்னேன். அது டயர் தாங்கும் உச்ச அளவு, நம் வண்டிக்கு வேண்டிய அளவு கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது என்று காட்டினார். அதையும் ஓட்டிச் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமாம். முப்பது வருடமாகக் கார் வைத்திருக்கிறேன், அந்த ஸ்டிக்கரைப் படித்ததே இல்லை.

ஐந்தாம் நாள் உதவியவரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த மடல் அவர் கண்ணில் படவும் வாய்ப்பில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நடுவழியில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தோம். நான் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனேன். எதிரே பைக்கில் வந்தவர் "தொடாதீங்க!" என்று கத்தினார். பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும் என்று அப்புறம் விளக்கினார். மெக்கானிக்காம். எங்களோடு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஆறிய பிறகு பார்த்தால், ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் கசிந்திருக்கிறது. இறுக்கித் தண்ணீர் ஊற்றினார். அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை ஹீட்டரை முழுதாகப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அது எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும், இன்னொரு குட்டி ரேடியேட்டர் மாதிரி. வேகிற வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போனோம். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "உறவுக்காரங்களைப் பார்க்கத்தானே போறீங்க" என்றார். அதற்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. என் முகம் இன்று முகமாக இருப்பது அவரால்தான்.

பெரியப்பாவின் மகளுக்கு என்ன எழுதுவது? நாங்கள் வருவதற்கு முதல் நாள் இரவு ஃபோனில் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட எதை வேணா பேசுங்க. 'என்னை ஞாபகம் இருக்கா'ன்னு மட்டும் கேட்காதீங்க. அது பரீட்சை மாதிரி. பதில் தெரியலைன்னா அன்னிக்கு முழுக்க ஒடுங்கிடுவார்" என்றாள். நல்லவேளை சொன்னாள். நான் காரில் போகும்போதே அந்தக் கேள்வியைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இன்னாருடைய மகன், நீங்கள்தான் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று நானே ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிரேக்கைப் பிடிக்காம குதிச்சுடுவான் அந்தப் பய" என்றார். அந்தப் பயல் நான்தான். ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குப் பட்டதா, தெரியவில்லை. ஒரு மணி நேரம் அந்தப் பயலைப் பற்றி எனக்கே கதை சொன்னார். காலையில் யார் வந்துபோனார்கள் என்பது அவருக்கு நிற்பதில்லை. இளம் வயதில் நடந்தது மட்டும் கல்லில் வெட்டியது போல இருக்கிறது. இந்த நோய் புதிய நினைவுகளைத்தான் முதலில் அரிக்குமாம். அவள் வாசல் வரை வந்து, "இன்னிக்குத்தான் இவ்வளவு பேசினார்" என்றாள். வண்டியில் ஏறிய பிறகு ரொம்ப தூரம் நாங்கள் மூவரும் பேசவில்லை. தினமும் அந்த வீட்டில் இருந்து அதே கதையைக் கேட்கிறவள் நீ. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்த எனக்கு நன்றி சொல்லக்கூடத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அத்தை வீட்டில் வேறு பாடம். அத்தைக்குக் காது மந்தம். நான் கத்திக் கத்திப் பேசினேன், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருடைய மருமகள் வந்து டிவியை அணைத்தார், என்னை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற நாற்காலிக்கு மாற்றினார். "கத்தினா எழுத்து உடைஞ்சுதான் கேட்கும். முகத்தைப் பார்த்து மெதுவாச் சொல்லுங்க, உதடும் பேசும்" என்றார். வயதாகும்போது முதலில் போவது கூர்மையான ஒலிகளாம். குரல் கேட்கும், ஸ, ஷ போன்ற எழுத்துகள்தான் கரையும். அதற்கப்புறம் அத்தை பேசிய பேச்சை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

அக்கா பேரன், பதினைந்து வயது, பழைய ஆல்பங்களைப் படமெடுத்துக் கொடுத்தான். ஒட்டும் தாள் ஆல்பத்தில் இருந்து படங்களைப் பிய்த்தெடுக்கப் போன என்னைத் தடுத்து, பக்கத்தோடு அப்படியே ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுத்தான். என் கல்யாணப் படங்கள் எல்லாம் சிவந்து போயிருக்கின்றன, தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் நேற்று எடுத்தது போல இருக்கிறது. வண்ணப் படத்தில் இருப்பது சாயம், அதில் நீலச் சாயம் முதலில் வெளுத்துவிடுகிறது, கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி என்று அவனே தேடிப் படித்துச் சொன்னான். நன்றி கண்ணா. ஆனால் உன் பாட்டியின் பள்ளிக்கூடப் படத்தை எல்லோருக்கும் அனுப்பியது நீதான், நான் இல்லை. அக்கா என்னிடம் பேசாமல் இருக்கிறார்.

கடைசியாக என் நண்பனின் மனைவிக்கு. அவனும் நானும் 19 வருடமாகப் பேசவில்லை. காரணத்தை எழுத மாட்டேன். இப்போது யோசித்தால் அதை முழுதாகச் சொல்லிமுடிக்கவே எனக்குத் தெரியவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் காலையிலேயே எங்காவது கிளம்பிவிடுவான் என்று, அவனிடம் சொல்லாமலே வைத்திருந்தாராம். அன்றைக்குப் பார்த்து அவனுடைய செருப்பைக் காணவில்லை. எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு, "என்னடா இவ்வளவு லேட்டு" என்றான். நன்றிம்மா. செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதினோரு நாளும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டாருக்கும் நன்றி. நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டு வீட்டாரும் கோபப்படுங்கள், நியாயம்தான். அடுத்த சுற்றில் முதல் வீடு உங்களுடையது.

இன்னொன்று. வண்டி டிக்கியில் நீல நிறக் குடை ஒன்று இருக்கிறது. எங்களுடையது இல்லை. இதுவரை மூன்று வீடுகளில் இருந்து ஃபோன் செய்து தங்களுடையது என்கிறார்கள். தபாலில் எல்லாம் அனுப்ப முடியாது, நேரில் கொண்டு வந்தே தருகிறேன், மூன்று வீட்டுக்கும்.