பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

பாப்பா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போனில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் நீ அழுதுவிடுகிறாய். எழுதினால் நின்று நின்று எழுதலாம். இதை இரண்டு நாளாக எழுதுகிறேன்.

போன வாரம் "அந்த அடுப்புப் புகையிலதானம்மா நான் படிச்சேன்" என்றாய். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. 26 வருஷம் கடை அடுப்பில் சீமைக்கருவேல விறகை எரித்தது நான். 2007-க்கு அப்புறம் வீட்டுக்கு இலவச கேஸ் அடுப்பு வந்தது. ஆனால் இட்லிக் கடைக்கு சிலிண்டர் கட்டுபடியாகாது என்று விறகிலேயே இருந்தேன். அது நான் போட்ட கணக்கு. அதில் உன் காலேஜ் ஃபீஸ் ஒரு வரிதான். அப்பா வாங்கின கடன், ஓடு மாற்றினது, ஆச்சியின் கண் ஆபரேஷன் எல்லாம் அதே கணக்கில்தான் இருக்கிறது. நீ மட்டும் ஏன் அதைச் சுமக்கிறாய்? விறகுப் புகையும் பீடி மாதிரி நுரையீரலைக் கெடுக்கும் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்து, "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க" என்றார்கள். ஆறு செகண்ட் ஊதுவதற்குள் கண் இருட்டிவிட்டது. "சிகரெட், பீடி பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டதும் சுருக்கென்று இருந்தது. அப்புறம் "எந்த அடுப்பில சமைக்கிறீங்க?" என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சி.ஓ.பி.டி. என்று எழுதினார். மூச்சுக்குழாய் சுருங்கி, நுரையீரல் கெட்டுப்போகிற நோயாம். முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார்.

தெருவில் சளி என்று மட்டும் சொல்லி வைத்தேன். நெஞ்சு நோய் என்றாலே டி.பி. என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வந்தது. இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று சொல்லக்கூட அன்றைக்கு வாய் வரவில்லை. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி மூன்று மணிதான் கஷ்டம். அடுப்புப் பற்றவைக்க எழுந்த பழக்கத்தில் இன்னும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அடைக்கிற மாதிரி இருக்கும். செத்துப்போவோம் என்று பயந்து அவசரமாக இழுப்பேன். இன்னும் மூச்சு முட்டும். பிசியோதெரபி சொல்லித் தருகிற பிள்ளைதான் விளக்கினாள். பயத்தில் வேகமாக இழுத்தால், உள்ளே போன காற்று வெளியே வர நேரம் இருக்காதாம். பழைய காற்று தங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு ஏது இடம்? மூக்கால் இரண்டு எண்ணுகிற வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணுகிற வரை விடச் சொன்னாள்.

"ஊதாங்குழல் ஊதுற மாதிரியா?" என்றேன். கேட்ட பிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு பலமா வேண்டாம்மா, சூடான பாலை ஆத்துற மாதிரி மெல்ல" என்றாள். இப்போது மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து பாலை ஆற்றுகிறேன். பயம் போய்விடவில்லை. ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிகிறது.

இன்ஹேலரை முதலில் ஒளிந்து எடுத்தேன். உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலை நாற்றத்தில் நின்று எடுத்தேன் பாரு, அதோடு சரி. இப்போது பஸ்ஸிலும் எடுக்கிறேன். வாயைக் கொப்பளிக்க பாட்டிலில் தண்ணீரும் கூடவே வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லாதே. நீ அப்படிச் சொன்னதும் அடுத்த வார்த்தை எனக்குள்ளேயே நின்றுவிடுகிறது. "ராத்திரி எப்படி இருந்துச்சு?" என்று கேள். மூச்சு வாங்கி நான் பேசாமல் இருந்தால், நீயும் பேசாமல் லைனிலேயே இரு. எனக்கு அது போதும். அழுகை வந்தால் அழு, நானும் அழுகிறேன். அப்புறம், இன்ஹேலரை நிறுத்தச் சொல்கிற அந்தக் கஷாய வீடியோக்களை அனுப்பாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்கு வரச் சொன்னபோது முட்டி வலி என்றேன். அது பொய். உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நடுப்படியில் நான் உட்கார்ந்து இளைப்பதை மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று கூச்சப்பட்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். முதலில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், இப்போது ஒரு இடத்தில்தான். தை மாதத்தில் உங்கள் ஊர்க் குளிர் எனக்கு ஆகாது. மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் முடிந்ததும் வருகிறேன். மாடி திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வை.

அம்மா